விளம்பரத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், லைனில் யார் இருக்கிறார்கள்?

8 ஜூன் 2024 (வாசகர் கேள்வி)

பெரிய பிராண்டுகளின் விளம்பரத்தில் இப்போது கறுப்பு நிறத்தவர், பருமனானவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், திருநங்கை என்று எல்லோரும் வருகிறார்கள். ஆடைத் துறை திருந்திவிட்டது என்றுதானே அர்த்தம்? நம்மூர் ஜவுளிக்கடை விளம்பரம்தான் இன்னும் சிவப்புத் தோலைப் பிடித்துத் தொங்குகிறது. திருப்பூர்க்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

நான் இருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் க்யூசி, அதாவது தரம் பார்ப்பவள். டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, செக்கிங் டேபிளில் பல வருடம் நின்று இங்கே வந்தவள்.

ஜூன் மாதம் வெளிநாட்டுக் கடைகளில் தொங்கும் வானவில் டிசர்ட்டுகளை நாங்கள் பொங்கல் கழிந்த கையோடு தைக்க ஆரம்பித்துவிடுவோம். கப்பலில் போய்ச் சேர வேண்டுமே. பிரிண்டிங்கில் அது ஒரு தலைவலி ஸ்டைல். ஆறு கலருக்கு ஆறு ஸ்கிரீன், ஒன்று துளி விலகினாலும் பக்கத்துக் கலர்மேல் ஏறிவிடும், பீஸ் டேமேஜில் போகும். எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, "வானவில்லுன்னா ஏழு கலருங்களே, ஒண்ண மிச்சம் பண்ணிட்டானுங்களா?" என்றார். அந்த ஆறு நிறக் கொடி யாருடையது என்று ஃப்ளோரில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆர்டர் கொடுக்கும் பையரிடமிருந்து வந்த பேப்பரில் கலர் நம்பர் இருந்தது, தைத்து அனுப்ப அது போதும்.

ஆக, போட்டோ எடுக்கிற இடத்தில் மாறியிருக்கிறது. அதைக் கேலி செய்யவில்லை, மாறியது நல்லதுதான். தைக்கிற இடத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.

9 ஜூன்

"3எக்ஸ்எல், 4எக்ஸ்எல் எல்லாம் வந்துவிட்டதே, அதுவும் கண்ணில் படவில்லையா?" என்று கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார். படாமல் என்ன, அதை டேப் வைத்து அளப்பதுதான் என் பிழைப்பு.

பல பையர்கள் எம் சைஸில் மட்டும் ஃபிட் பார்ப்பார்கள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் கிரேடிங் கணக்கில் ஓடும். மார்பு இத்தனை சென்டிமீட்டர் கூடினால் தோள் இத்தனை, கை நீளம் இத்தனை என்று. ஆனால் உடம்பு பருத்தால் தோள் எலும்பு அகலமாகிவிடுமா, கைதான் நீண்டுவிடுமா? அப்படிக் கணக்குப் போட்ட 4எக்ஸ்எல்லில் தோள் தையல் புஜத்துக்கு இறங்கித் தொங்கும், கழுத்து வாயைப் பிளக்கும், அக்குளில் மட்டும் பிடிக்கும். பேருக்குப் பெரிய சைஸ், அவ்வளவுதான்.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு. ஒரு பையர் பெரிய சைஸுக்குத் தனி பேட்டர்ன் போட்டு, பருமனான பெண் ஒருவரையே ஃபிட் மாடலாக வைத்தார். வீடியோவில் அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கி, இங்கே அறுக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். மறுநாளே கட்டிங் மாஸ்டர் ஆர்ம்ஹோலை இறக்கி வெட்டினார். போட்டுப் பார்க்கிறவரிடம் கேட்டார்கள், சரியாக வந்தது.

இதே ரகத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு வேலை, கழுத்தில் தைக்கும் லேபிளை எடுத்துவிட்டு ஹீட் சீலில் ஒட்டுவது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த லேபிள் உறுத்தலே தாங்காது. டாமி ஹில்ஃபிகர் 2016-ல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக வெளியிட்ட உடைகளில் பட்டனுக்குப் பதிலாகக் காந்தம் வைத்திருந்தார்கள். விரல் வசப்படாத பிள்ளையும் தானே சட்டை போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் நிஜமான மாற்றம், மறுக்க மாட்டேன்.

நம் நாட்டுக்கென்று ஒரு சைஸ் சார்ட் வேண்டும் என்று 25,000 பேருக்கு மேல் அளவெடுக்கும் திட்டத்தை மத்திய ஜவுளித் துறையும் நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரியும் கையில் எடுத்ததே அண்மையில்தான். அதுவரை அமெரிக்க, ஐரோப்பிய சைஸை இரவல் வாங்கித்தான் ஓட்டினோம்.

11 ஜூன்

சரி, லைனுக்கு, அதாவது தையல் மிஷின் வரிசைக்கு வருகிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் யார் எங்கே இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். நிட்டிங், சாயம், கட்டிங், அயர்ன் எல்லாம் ஆண்கள். கைமடி, செக்கிங், பிசிர் வெட்டுவது பெண்கள். தையல் மிஷினில் முன்பு ஆண்கள்தான் அதிகம், இப்போது பெண்கள் நிறைய வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர், புரொடக்‌ஷன் மேனேஜர் என்று மேலே போகப் போகப் பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள்.

ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் போடுகிற கூலி ஒப்பந்தத்தில் ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று எங்கேயும் இருக்காது. வேலைக்குத்தான் ரேட். டெய்லர், கட்டிங், அயர்ன் ஒரு தட்டு. செக்கிங், கைமடி அதற்குக் கீழ்த் தட்டு. 1976 சம ஊதியச் சட்டம் ஒரே மாதிரி வேலைக்குத்தான் ஒரே கூலி என்றது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவைத்துவிட்டால் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை.

என் பெரியப்பா மகனும் நானும் ஒரே வருடம் ஒரே கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தோம். சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் எழுந்து போனதும் அவன் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பழகுவான், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் உட்கார்ந்தால் "அம்மிணிக்கு எதுக்கு மிஷினு, ஊசி ஏறிப்போகும்" என்பார்கள். அவன் டெய்லரானான், பிறகு ஒரு லைனையே ஆள் வைத்து ஓட்டும் லைன் காண்ட்ராக்ட் எடுத்தான். சீட்டுப் பணத்தில் பழைய மிஷின் நான்கு வாங்கினான். மாமனார் பேங்கில் ஜாமீன் நின்றார், சொந்தக்காரர் ஒருவர் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கொடுத்தார். இன்று நாற்பது மிஷின் ஓடுகிறது. உழைக்காமல் வந்ததில்லை, இரவு பகல் பார்க்காமல் கிடந்தான். நல்லவன்தான், தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துத் தருகிறான்.

12 ஜூன்

"பெண்கள் லேட் ஷிப்ட் நிற்க மாட்டார்கள், அதனால்தான் சூப்பர்வைசர் ஆக்குவதில்லை" என்று மேலே ஒருவர். தொழிற்சாலைச் சட்டத்தில் இரவு 7 மணிக்கு மேல் பெண்களுக்கு வேலை கூடாது என்று இருந்ததை, பாதுகாப்பு நிபந்தனைகளோடு சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே தளர்த்திவிட்டது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டு, எட்டரை. செக்கிங் பெண்கள் அதுவரைக்கும் நிற்கத்தானே செய்கிறார்கள்? நிற்க முடியும், சூப்பர்வைஸ் பண்ண முடியாதா?

15 ஜூன்

ஆடிட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பையர் வருடத்துக்கு ஒரு தரமாவது ஆள் அனுப்பிப் பார்க்கிறாரே, அப்போது தெரியாதா என்று.

பாத்ரூமில் சோப்பு வந்துவிட்டது என்றால் ஆடிட் என்று அர்த்தம். டெய்லர்களுக்கு ஊசி விரலில் ஏறாமல் தடுக்கும் நீடில் கார்டு, கட்டிங்கில் சங்கிலிக் கையுறை, குழந்தைகள் அறையில் புது பொம்மை. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அந்த பொம்மைகளின் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள், அடுத்த ஆடிட்டுக்கும் வேண்டுமே. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் அறை இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அறை இருந்தது. மேல் மாடியில், கட்டிங்குக்குப் பக்கத்தில், துணித் தூசு பறக்கிற இடத்தில். எந்தத் தாய் விடுவாள்?

புகார்ப் பெட்டியும் உண்டு. அதே கம்பெனியில் அது மேனேஜர் கேபினுக்கு எதிர்ச் சுவரில், கேமராவுக்கு நேர் கீழே தொங்கியது. பூட்டு துருப்பிடித்து, சாவி யாரிடம் என்றே தெரியாமல் இருந்தது. பக்கத்து போர்டில் உள்ளகப் புகார் குழுவின் பெயர்ப் பட்டியல், இங்கிலீஷில், லேமினேஷன் போட்டு. வேலையிடத்துப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டப்படி குழுத் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். பட்டியலில் எல்லாம் கச்சிதம். அதில் பெயர் இருந்த ஓர் அக்காவிடம் "குழுவுல இருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன். "எந்தக் குழு? மகளிர் குழுவா?" என்றார்.

ஆடிட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நாளில் வந்து, கம்பெனி பொறுக்கி அனுப்புகிற பெண்களிடம், அதே கட்டிடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர் வேறு எதைக் கண்டுபிடிப்பார்?

18 ஜூன்

"அப்ப எதுதான் உருப்படும்?" என்ற ஒற்றை வரிக்குப் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மேல் வழக்கு. அந்தத் தொழிற்சாலையும் பெரிய பெரிய வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்ததுதான். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் வந்தது. தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், இந்த யூனியனும் ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் என்ற ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பும் மறுபக்கம். எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டுக் கட்டுப்பட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே இதற்குப் பெயர்.

இதில் என்ன புதிது? பாலினம், சாதி, வெளிமாநிலத்தவர் என்ற மூன்றின் பேரிலும் பாகுபாடு கூடாது என்று மூன்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டு பிராண்டுகளின் கொள்கை அறிக்கைகளில் நிறம் இருக்கும், பாலினம் இருக்கும். சாதியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அடுத்து, ஃப்ளோரில் கண்காணிக்கிறவர்கள் தொழிலாளர்களிலிருந்தே வருகிறார்கள். மேனேஜரைத் தாண்டிப் போய்ப் புகார் சொல்லத் தனி வழி இருக்கிறது, விசாரிக்க வெளியாட்கள் இருக்கிறார்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கை வைக்க வேண்டும்.

ஆர்டர் என்ற வார்த்தை வந்தால்தான் எங்கள் ஊரில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்தத் தொழிற்சாலைச் சரக்கை நிறுத்திவைத்தது. ஒப்பந்தப்படி நடந்த மாற்றங்களைப் பார்த்துவிட்டு செப்டம்பரில் தடையை நீக்கியது. போஸ்டர் ஒட்டி இது நடந்திருக்குமா?

இதற்கு முன்பு 2019-ல் ஆப்பிரிக்காவில் லெசோத்தோ ஜீன்ஸ் தொழிற்சாலைகளில், லீவைஸ் முதலான பிராண்டுகளைக் கட்டிப்போட்டு இதே மாதிரி ஒப்பந்தம் போட்டார்கள்.

18 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரே குழுமத்தின் தொழிற்சாலைகளுக்கு, சில ஆயிரம் பேருக்கு. திருப்பூரில் பல லட்சம் பேர். எங்கள் பையர்கள் யாரும் எங்களிடம் இப்படி ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டியதில்லை.

22 ஜூன்

"வடக்கன்களைப் பற்றிப் பேச மாட்டீர்களா, அவர்களால்தான் கூலி ஏறவில்லை" என்று ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். பேசுவோம்.

முதலில், எல்லோரும் இந்திக்காரர்கள் இல்லை. எங்கள் லைனில் ஒடியா பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், வங்காளி, அஸ்ஸாமி இருக்கிறார்கள். ஜார்கண்டிலிருந்து வந்த பெண்களுக்கு வீட்டில் சந்தாலி. போர்டில் தமிழுக்குக் கீழே இந்தியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆபீஸில் நினைக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் வாசிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டு, "அக்கா, ஃபோட்டோ போடு" என்றாள். ஹாஸ்டலில் இருக்கிற அந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வார்டன் விட்டால்தான் கடைவீதி. கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கேட்டால் ஏஜென்ட்டிடம் கேட்கச் சொல்வார்கள்.

நம் பெண்களுக்கும் இதே கதைதானே நடந்தது? ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பேரில் மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, நடுவில் உடம்பு முடியாமல் போனால் கையை விரித்தார்கள். தென் மாவட்டத்துப் பிள்ளைகள் வருவது குறைந்தது, ஒடிசாப் பிள்ளைகள் வந்தார்கள். கூலி ஏறாததற்கு வந்தவர்கள் காரணம் என்றால், வருகிறவர்கள் எதிர்த்துக் கேட்க முடியாதபடி கொண்டுவருகிறவர்கள் யார்?

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் ஒன்றாக ரயில்வே ஸ்டேஷனில் நின்றார்கள். பீகார் அரசே குழு அனுப்பிப் பார்த்தது. அந்த வாரம் எங்கள் முதலாளிகள் மைக் பிடித்து இந்தியில் பேசி வீடியோ போட்டதைப் பார்த்தேன். வேண்டுமென்றால் வருகிறது பாருங்கள், மொழி.

23 ஜூன்

11-ஆம் தேதிக் குறிப்பில் அண்ணன் கதையைச் சொல்லிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதி.

அந்த வருடம் எங்களோடு மூன்றாவதாக ஒரு பையனும் சேர்ந்தான். எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவன். மிஷினில் அண்ணனைவிடக் கை சுத்தம். சிங்கர் மிஷினில் அவன் ஓட்டிய காலர் தையலை மாஸ்டர் எடுத்துக் காட்டிப் பேசுவார். டெய்லர் ஆனான், இன்றும் டெய்லர்தான். மிஷின் வாங்க அவனுக்கும் ஆசை இருந்தது. ஜாமீனுக்கு மாமனார் இல்லை, ஜாப் ஒர்க் கொடுக்க சொந்தக்காரர் இல்லை.

திருப்பூரில் விவசாயத்திலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர்கள் நிறையப் பேர். ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். உழைப்பால் உயர்ந்த ஊர் என்று நாங்களும் மார்தட்டுவோம். என் சாதியும் அதுதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அந்த ஏணி சாதியின் சுவரில் சாத்தப்பட்டிருந்தது. பெண்ணென்று எனக்கு ஒரு படி இல்லை, அவனுக்கு ஏணியே இல்லை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

"கம்பெனிக்குள்ள யாரு சாதி பாக்குறா?" என்று உடனே யாராவது எழுதுவீர்கள். டெய்லர் எடுக்கும்போது பார்ப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். லைன் காண்ட்ராக்ட் கொடுக்கும்போது பாருங்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது, பேரைக் கேட்டுவிட்டு அப்பா பேர், ஊரில் எந்தத் தெரு என்று வரிசையாகக் கேட்பதைப் பாருங்கள்.

24 ஜூன்

எழுதி முடிப்பதற்குள் "யாரு சாதி பாக்குறா" மூன்று வந்துவிட்டது. நன்றி.

2 ஜூலை

பேச்சு ஜவுளிக்கடைப் பக்கம் போயிருப்பதால் ஒன்று. விளம்பரத்தில் சிவப்பாக ஆள் வேண்டும் என்பதைவிட எனக்கு உறுத்தியது, கடைக்குள் காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே துணி விரித்துப் போடும் பெண்கள். உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லையாம். கேரளத்தில் 2018-ல் சட்டம் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றார்கள். போன மாதம் புடவை எடுக்கப் போன கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிளவுஸ் பிட் அடுக்கியிருந்தது.

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இந்த விதி இருந்தது, 44-ஆம் பிரிவு. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும். செக்கிங் டேபிளுக்குக் கீழே ஸ்டூலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

9 ஜூலை

திருநங்கைகளை வேலைக்கு எடுக்கிறார்களா என்று கேட்டவருக்கு: எடுக்கிறார்கள், அங்கங்கே. பத்திரிகையில் போட்டோவும் வரும். எங்கள் பேக்கிங்கில் ஒருவர் சேர்ந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. எந்தப் பாத்ரூமுக்குப் போவது என்று முதல் நாளே பிரச்சினை. ஆபீஸ் கெஸ்ட் பாத்ரூம் சாவியைக் கொடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் ரிசப்ஷனில் வாங்கிப் போக வேண்டும். எல்லோர் கண்முன்னாலும் தினம் நான்கு முறை சாவி கேட்பது எப்படி இருக்கும்? ரொம்ப நாள் நிற்கவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது, 2019-ல் வேலையில் பாகுபாடு கூடாது என்று சட்டமே வந்தது. எங்கள் கம்பெனியில் அது சாவிக் கொத்தில் சிக்கிக்கொண்டது.

காது கேளாதவர்கள் கதை நேர்மாறு. ஒரு லைனில் அப்படி ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அந்த லைன் சூப்பர்வைசர் பையன் யாரும் சொல்லாமலே சைகை கற்றுக்கொண்டான். மிஷின் சத்தத்தில் மற்ற லைன்களில் தொண்டை கிழியக் கத்துவார்கள், இவன் கையை ஆட்டியே வேலை வாங்குகிறான். இப்போது பக்கத்து லைன்காரர்களும் டார்கெட்டை சைகையில்தான் கேட்கிறார்கள். காது கேளாதவர்கள் தங்களுக்குள் சூப்பர்வைசர்களுக்கு வைத்திருக்கும் சைகைப் பெயர்கள் என்ன என்று கேட்டேன். எனக்கு வைத்திருப்பது, கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பும் ஒரு முறைப்பும்.

14 ஜூலை

தனிச் செய்தியில் இரண்டு பேர் ஒரே கேள்வி. ஜாப் ஒர்க் யூனிட், ஏழெட்டுப் பேர்தான், ஓனரே பாலியல் தொந்தரவு செய்தால் எங்கே போவது?

பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் உள்ளகக் குழு இருக்காது. ஓனர் மேலேயே புகார் என்றாலும் உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலத் துறையில் கேளுங்கள். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாது என்றால் எழுதிக்கொடுப்பது அவர்கள் கடமை. தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒடிசாப் பிள்ளைக்காகக் கேட்டவர், மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஏஜென்ட்டை அழைத்துப் போகாதீர்கள்.